உங்கள் வீட்டு நாயின் பெயர் என்ன?

1

மகள் அனுப்பிய குறுஞ்செய்தியை என் மனுசன் மூன்று தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாம் தரமும் வாசித்தார்.

“இஞ்சேரும், வரிக்காரர் நாய்ச் சுடலைக்குள்ளை என்னத்தைத் தேடப் போகினம்?”

குற்றம் அவருடையது இல்லை. நோர்வேஜிய மொழியில் ‘ஸ்கத்’ என்றால் வரி. இந்த நாட்டில் கால் வைத்த எவரும் முதற்கிழமையே படித்துவிடுகிற சொல். ‘யாக்த்’ என்றால் வேட்டை. இரண்டையும் சேர்த்து மகள் ‘ஸ்கத்தயாக்த்’ என்று எழுதியிருந்தாள். மனுசன் அதை வரி வேட்டை என்று விளங்கிக்கொண்டதில் என்ன பிழை? அதே ‘ஸ்கத்’துக்குப் புதையல் என்றும் பொருள் உண்டு. செல்லம், குஞ்சு என்று கொஞ்சுவதற்கும் அதே சொல்தான். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் தன் மனைவியை அப்படிக் கூப்பிட்ட அன்றுதான் எனக்கே அது தெரியவந்தது. அதுவரைக்கும் அந்த அம்மா வரி கட்டாமல் விட்டுவிட்டாவாக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். ஒஸ்லோவின் விளிம்பில், காடு தொடங்குகிற மேட்டில், செல்லப்பிராணிகளுக்கென்று பழைய மயானம் ஒன்று இருக்கிறது. நாய், பூனை, முயல், கிளி எல்லாவற்றுக்கும் அங்கே கல்லறை உண்டு. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான். எங்கள் மகள் உள்ளூர் வரலாற்றுக் கழகம் ஒன்றில் வார இறுதிகளில் வழிகாட்டியாக நிற்கிறாள். அந்த மயானத்துக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, துப்புகள் கொடுத்து, ஒவ்வொரு கல்லாகக் கண்டுபிடிக்க வைத்து, கடைசியில் ஒரு புதையல் பெட்டியில் கொண்டுபோய் முடிக்கிற விளையாட்டு ஒன்றை அவளே தயாரித்திருந்தாள்.

குறுஞ்செய்தி விளங்காமல் நான் தொலைபேசி எடுத்தேன்.

“அம்மா, ஆறு பேர்தான் பதிஞ்சிருக்கினம். எட்டுப் பேர் இல்லாட்டி அவ்லீஸ் பண்ணி நிப்பாட்டிப்போடுவினம். நீங்கள் ரெண்டு பேரும் வந்தா காணும்.”

ஆக, ஏழாவது ஆளும் எட்டாவது ஆளும் நாங்கள். அவள் செய்கிற ஒன்றுக்கு எங்களைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அடுத்த கிழமை வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் போகிறாள். அங்கே ஒரு அருங்காட்சியகத்தில் நிரந்தர வேலை. இனி நத்தாருக்கும் கோடை விடுமுறைக்கும் வருவாள், அதுவும் வந்தால்.

அவளுக்கு நாங்கள் வைத்த பேர் கயல்விழி. ஐந்தாம் வகுப்பில் தானாகவே காயா ஆகிவிட்டாள். காயா என்பது இங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வைக்கிற பேர். பெற்றோர் கூட்டத்துக்குப் போய் நான் கயல்விழியின் தாய் என்று சொன்னால், ஆசிரியை பட்டியலில் விரலை வைத்துத் தேடினாள். அன்று வீட்டுக்கு வந்த இவர் மகளை இருத்திவைத்துக் கேட்டார்.

“ஆமி ஒண்டும் வரேல்லையே, பிள்ளை. பிறகேன் பேரை மாத்தினனி?”

அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. விளங்காத ஆள் மாதிரிக் குசினிக்குள் போய்க் கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.

2

ஏன் அப்படி நின்றேன் என்று சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒருவருக்கும் சொல்லாததை இங்கே எழுதுவது அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

இவர் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் நின்றவர். பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தார். கொழும்பில் வைத்து எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. விடுமுறை முடிய அவர் ஒஸ்லோவுக்கு விமானம் ஏறினார். நான் கொக்குவிலில் இருந்த மாமி வீட்டுக்கு, இவருடைய அம்மாவிடம், போனேன். அங்கே ஒரு நாய் இருந்தது. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும்.

குட்டியாக வந்தபோது அதற்கு வைத்த பேர் டைகர். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து நாய்களில் பாதிக்கு அதுதான் பேர். வைத்தவர்கள் பிற்காலத்தை யோசித்து வைக்கவில்லை. பிறகு ஆமி வந்தது. தெருமுனையில் சென்றி போட்டுத் துவக்கோடு காவல் நின்றார்கள். பொழுதுபடப் படலையில் நின்று “டைகர், டைகர், ஓடி வா” என்று எந்த மனுசி கூப்பிடுவாள்? மாமி ஒரே நாளில் அதை ஜிம்மி ஆக்கிவிட்டா. மனிதர்கள் எல்லாரும் உடனே பழகிவிட்டார்கள். நாய்தான் பழகவில்லை. பகல் முழுக்க “ஜிம்மி, ஜிம்மி” என்று மாமி சத்தமாகக் கூப்பிடுவா, அது திரும்பியும் பார்க்காது. மத்தியானம் சட்டிக்குள் சோற்றைப் போட்டுவிட்டுக் குனிந்து, அதன் காதுக்குள் மெல்லமாக “டைகர்” என்பா. அதற்குப் பிறகுதான் அது வாய் வைக்கும். இதை என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன்.

நாலு மாதத்தில் எனக்கு நோர்வே வீசாவுக்கான நேர்முகம் வந்தது. ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்து, கப்பலேறி, கொழும்புக்குப் போனேன். வயிற்றில் கயல். அன்று காலை மட்டும் மூன்று சோதனைச் சாவடியில் என்னை இறக்கி ஏற்றினார்கள். தூதரகக் கந்தோரில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு ஒரு பெண். கல்யாணம் உண்மையா பொய்யா என்று பார்ப்பதற்கான கேள்விகள். புருசனுடைய வீட்டில் எத்தனை அறை, கிணறு எந்தப் பக்கம், அவருடைய உடம்பில் தழும்பு எங்கே. இதே கேள்விகளை ஒஸ்லோவில் அவரிடமும் கேட்பார்கள், இரண்டு பேரின் பதிலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று எனக்கு முன்னரே சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மணி மணியாகப் பதில் சொன்னேன். கடைசியில் கேட்டார்கள்.

உங்கள் வீட்டு நாயின் பெயர் என்ன?

அவர் ஆமி வருமுன்னமே வெளிக்கிட்டுப் போனவர். அவருக்கு அது டைகர்தான். எனக்கு அது தெரியும். முதலில் டைகர், இப்போது ஜிம்மி என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அந்த மொழிபெயர்ப்புப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். யார் என்ன என்று தெரியாத முகம். அந்த ஊரில், அந்த நாளில், பூட்டிய அறைக்குள் இருந்து அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜிம்மி என்று சொன்னேன்.

கயல் பிறந்த பிறகு கடிதம் வந்தது. தம்பதியின் பதில்கள், குறிப்பாக வீட்டு நாயின் பெயர், ஒன்றோடொன்று பொருந்தவில்லை, கல்யாணம் மெய்யானது என்பதில் சந்தேகம் உண்டு என்று எழுதியிருந்தது. மேன்முறையீடு, சட்டத்தரணி, விளக்கக் கடிதம், இரத்தப் பரிசோதனை. நாங்கள் ஒஸ்லோவில் வந்து இறங்கியபோது கயலுக்கு இரண்டரை வயது. விமான நிலையத்தில் இவர் பெரிய கரடிப் பொம்மையோடு நின்றார். அவள் என் சீலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, “அம்மா, இந்த மாமா ஆர்?” என்று கேட்டாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக்கூடாது.

மாமா என்று கூப்பிடுவதை அவள் ஒரு கிழமையில் விட்டுவிட்டாள். ஆனால் வேறு ஏதோ ஒன்று விடவில்லை. என்னோடு அவள் எடுத்ததற்கெல்லாம் சண்டை பிடிப்பாள், கதவை அடிப்பாள், நாலு நாள் கதைக்காமல் இருப்பாள். அவரோடு ஒரு நாளும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரோடு கதைக்கிற மாதிரி மரியாதையாகக் கதைப்பாள். “சாப்பிட்டீங்களோ அப்பா”, “நாரி நோ எப்பிடி அப்பா”. ஒரு நாள் அவரே வாய்விட்டுச் சொன்னார்: “என்னோடை கோவிக்கிற அளவுக்கு அவளுக்கு நான் நெருக்கமில்லை.”

அந்த நிராகரிப்புக் கடிதம் வந்த நேரம் தொலைபேசியில் அவர் கேட்டார், நாயின் பழைய பேர் எனக்குத் தெரியாதா என்று. “எனக்கு ஜிம்மி எண்டுதான் தெரியும்” என்றேன். “அம்மா ஒரு வரி எழுதியிருந்தா எனக்கெண்டாலும் தெரிஞ்சிருக்கும்” என்றார். “ஓம், மாமி எழுதியிருக்கலாம்” என்றேன். அதோடு பழி மாமியின் தலையில் விழுந்தது. மாமி செத்தும் போய்விட்டா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வருகிற நேரமெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து அவவைத்தான் குறை சொல்லுவோம். செத்த ஆள் மறுத்துக் கதைக்காதுதானே.

3

ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. முதல் நாள் எனக்குப் பின்னேர வேலை, முழங்கால் கெஞ்சியது. இவருக்கு மீன் தொழிற்சாலை கொடுத்த, இடுப்போடு பிடிக்கிற நாரி வலி. அந்த வலிக்கு உதவிப்பணம் கேட்டு விண்ணப்பப் படிவம் நிரப்பி நிரப்பியே சட்டைப்பையில் எப்போதும் ஒரு பேனை இருக்கும். அதை எடுத்துக் குத்திக்கொண்டுதான் வெளிக்கிட்டார். இரண்டு பஸ் மாறிப் போனோம். நாங்கள் வந்து இறங்கிய திகதியும் அன்றுதான். எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் மறந்துவிட்டாராக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மகள் மஞ்சள் மழைச்சட்டையோடு வாசலில் நின்றாள். நெஞ்சில் காயா என்று அட்டை. எல்லாருக்கும் சொன்ன அதே நோர்வேஜிய வணக்கத்தை எங்களுக்கும் சொல்லி, துப்புத் தாளை நீட்டினாள். வேலையில் நிற்கிறவள் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் இவர், வந்திருக்கிற மற்ற ஆறு பேருக்கும் எங்களை யார் என்று சொல்லுவாள் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சொல்லவில்லை. அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஏழு துப்பு. ஒவ்வொன்றும் ஒரு கல்லுக்குக் கொண்டுபோகும். அந்தக் கல்லில் இருந்து ஒரு எழுத்தை எடுக்க வேண்டும். ஏழு எழுத்தும் சேர்ந்தால் புதையல் இருக்கிற இடம் தெரியும்.

உள்ளே போனபிறகு என் சிரிப்பு நின்றுவிட்டது. உயர்ந்த ஊசியிலை மரங்களுக்குக் கீழே பாசி பிடித்த சின்னச் சின்னக் கற்கள், சில முழங்காலளவு, சில செங்கல்லளவு. பம்சே, ரெக்ஸ், மொன்ஸ் என்று பேர்கள். ஒரு பூனைக்குப் பீங்கானில் படம். எவ்வளவோ வருடத்துப் பழைய கல்லுக்கு முன்னால் யாரோ புதிதாக விளக்குக் கொளுத்தி வைத்திருந்தார்கள். பல கற்களில் ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று வெட்டியிருந்தது. மனிதருடைய கல்லறையிலும் இங்கே இதே வசனம்தான். முதியோர் இல்லத்தில் இருந்து எத்தனையோ செத்தவீட்டுக்குப் போய் அதைப் பார்த்திருக்கிறேன்.

வந்த புதிதில் என்னோடு வேலை செய்த ஒருத்தியின் பூனை செத்துப்போய், அழுத கண்ணோடு வேலைக்கு வந்தாள். ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று பாடம் பண்ணிக்கொண்டு போனேன். ‘கொந்துலேரர்’ என்றால் அனுதாபம். ‘கிராத்துலேரர்’ என்றால் வாழ்த்து. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மனமுருக வாழ்த்திவிட்டு வந்தேன். அவள் அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பூனைக்குப் போய் இவ்வளவு கோபமா என்று நாங்கள் வீட்டில் சிரித்தோம். அந்தக் கற்களுக்கு நடுவே நிற்கும்போது அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

மற்ற ஆறு பேரும் துப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் ஆமை வேகத்தில் போய் நாலு எழுத்து எடுத்தோம். ஒரு சின்னக் கல்லில் ‘எங்கள் ஸ்கத்’ என்று வெட்டியிருந்ததை இவர் கண்டுபிடித்தார்.

“பாரும், எங்கடை வரி எண்டு எழுதிக் கிடக்கு.”

“அது செல்லமப்பா. எங்கடை செல்லம் எண்டு அர்த்தம்.”

“தெரியும். பகிடிக்குச் சொன்னனான்.” கொஞ்சம் பொறுத்து, “அம்மான்ரை செத்தவீட்டுக்குக் கூட நான் போகேல்லை” என்றார்.

4

ஐந்தாவது துப்பு இப்படி இருந்தது: ‘ஒரு கல், அதன் கீழே ஒருவர்தான். ஆனால் அவருக்கு இரண்டு பெயர். ஏன்?’

தேடுவதற்கு எனக்குக் கால் இல்லை. இருக்க ஒரு மர வாங்கு கிடந்தது, ஈரத்தைக் கையால் வழித்துவிட்டு இருந்தோம். எங்களுக்கு நேர் முன்னால், பாசி சுரண்டிய கல் ஒன்று. பெரிய எழுத்தில் கொங் என்று இருந்தது. கொங் என்றால் அரசன், ராஜா. அதற்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், சின்ன எழுத்தில் பொப்.

இவர் வாய்க்குள் ஒருதரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“ஆமி வந்திருக்கும்.”

அதற்குள் மற்றவர்களும் அந்தக் கல்லைக் கண்டுபிடித்துக் கூடிவிட்டார்கள். மகள் நடுவில் நின்று, ஏன் இரண்டு பெயர் என்று கேட்டாள். நாய் கைமாறியிருக்கும், புதுச் சொந்தக்காரர் வேறு பேர் வைத்திருப்பார் என்று ஒருவர் சொன்னார். பொப் என்பது கல்லு வெட்டியவரின் பேராக இருக்கும் என்று இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது இவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, கையை உயர்த்தினார். நாலு பேர் கூடிய இடத்தில் நோர்வேஜியத்தில் வாய் திறக்காத மனுசன். பாட்ஸ்பியோர்ட்டில் படித்த வடபகுதி இழுவையோடு இரண்டே சொல் சொன்னார்.

“படையாட்கள் வந்தார்கள்.”

மகள் அவர் பக்கம் திரும்பினாள். பிறகு அவளையும் அறியாமல் எல்லாருக்கும் முன்னால் தமிழில் கேட்டாள்.

“எப்பிடி அப்பா தெரியும்?”

ஆறு பேரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள்.

“சும்மா சொன்னனான்” என்றார் இவர்.

அவள் மற்றவர்களுக்கு விளக்கினாள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜெர்மன் படை இந்த நகரத்தைப் பிடித்திருந்தபோது, நாட்டின் அரசர் கடல் கடந்து போயிருந்தார். அந்த நேரத்தில் தெருவில் நின்று ‘ராஜா, ராஜா, வா’ என்று நாயைக் கூப்பிடுவது ஆபத்து. யாராவது போய்ச் சொல்லிக்கொடுக்கலாம். அதனால் அந்த வீட்டுக்காரர் நாயைப் பொப் ஆக்கிவிட்டார்கள். படை போனபிறகு திரும்பவும் கொங் என்று கூப்பிட்டார்கள். அது செத்தபோது எந்தப் பேரையும் விட மனமில்லாமல் இரண்டையும் வெட்டினார்களாம். சொல்லிவிட்டு ஆறாவது துப்புக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

வாங்கில் நாங்கள் இருவரும் மிஞ்சினோம். இனியும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நான் மனுசியே இல்லை என்று பட்டது.

“இஞ்சாருங்கோ. எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“டைகர் எண்டு. மாமி சோறு வைக்கேக்கை காதுக்குள்ளை சொல்லுறவ. கொழும்பிலை கேக்கேக்கை எனக்கு ரெண்டு பேரும் தெரியும். நீங்கள் டைகர் எண்டுதான் சொல்லுவியள் எண்டும் தெரியும். பயத்திலை ஜிம்மி எண்டு சொல்லிப்போட்டன். பிறகு உங்களுக்குப் பொய் சொன்னனான். கயல் உங்களை மாமா எண்டு கூப்பிட்டது என்னாலைதான்.”

சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன்.

“அம்மா எழுதினவ” என்றார்.

“என்னத்தை?”

“பாட்ஸ்பியோர்ட்டிலை நிக்கேக்கை கடிதம் வந்தது. எங்கடை நாய்க்கு இப்ப ஜிம்மி எண்டு பேர், நீயும் சுகம் விசாரிச்சு எழுதினா அப்பிடியே எழுது, கடிதம் உடைச்சுப் பாக்கிறாங்கள் எண்டு. வடிவாய் எழுதினவ. எனக்கும் ரெண்டு பேரும் தெரியும்.”

எனக்குக் கண்ணீர் நின்றுவிட்டது.

“பிறகேன் டைகர் எண்டு சொன்னனீங்கள்?”

“இஞ்சை என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரு வெளிச்சமான அறையிலை. சென்றி இல்லை, துவக்கு இல்லை. அந்த மனுசன் கோப்பி ஊத்தித் தந்து, உங்கடை வீட்டு நாயின்ரை பேர் என்ன எண்டு கேட்டான். இஞ்சையாவது அதின்ரை பேரை வாய் திறந்து சொல்லுவம் எண்டு இருந்தது. சத்தமாச் சொன்னனான். நீர் எங்கை இருந்து என்ன சொல்லப்போறீர் எண்டு நான் அந்த நேரம் யோசிக்கேல்லை. யோசிச்சிருக்க வேணும்.”

எனக்கு முதலில் வந்தது கோபம். வெறும் கோபம் இல்லை, வாங்கில் இருந்து தள்ளிவிடலாமா என்கிற கோபம். இவ்வளவு காலமும் நான் ஒருத்தியாகச் சுமந்தது பாதிதான், மற்றப் பாதி பக்கத்துக் கதிரையில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்து, ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கத்தால் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறோம். கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். முதல் நாள் வேலையும் முழங்காலும் தூறலும் சேர்ந்து அது கனநேரம் நிற்கவில்லை.

“பாவம் மாமி” என்றேன்.

“ஓம். பாவம் அம்மா.”

தூறல் கொஞ்சம் பலத்தது. நாங்கள் எழும்பவில்லை.

“இண்டைக்குத்தானே நீங்கள் வந்து இறங்கினது” என்றார். “அவள் போட்டிருந்தது ஒரு சிவப்புச் சட்டை.”

5

புதையலை மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். ஒரு பெரிய மரத்தின் வேருக்கிடையில் தகரப்பெட்டி, அதற்குள் சொக்கிளேற்றும் கொஞ்ச வெற்று அட்டைகளும். அவரவர் இழந்த பிராணியின் பேரை அட்டையில் எழுதித் திரும்பப் பெட்டிக்குள் போட வேண்டும். அதுதான் விளையாட்டின் கடைசிக் கட்டம். எல்லாரும் மரத்தடியில் நின்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பேசிச் சிரித்துக்கொண்டு வந்தவர்கள் ஒருவரோடொருவர் கதைக்காமல் எழுதினார்கள்.

மகள் ஒரு அட்டையும் பேனையுமாக வாங்கடிக்கு வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மரியாதையான பிள்ளை.

“ஊரிலை உங்கடை வீட்டிலை ஏதும் வளத்தனீங்களோ, அப்பா? நாய், பூனை?”

இதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. நாங்கள் பிந்தி வந்ததற்கு அவளுக்குத் தெரிந்த காரணம் ‘பேப்பர்ப் பிரச்சினை’ மட்டும்தான்.

“நாய் இருந்தது” என்றார்.

“பேர் என்ன?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்.

அவர் ஜிம்மி என்றார். நான் டைகர் என்றேன்.

அவளுடைய பேனை அட்டைக்கு மேலே நின்றுவிட்டது. திரும்பவும் எங்கள் பதில்கள் பொருந்தவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“எது சரி?” என்று கேட்டாள்.

“ரெண்டும் சரி, பிள்ளை” என்றார் இவர்.

அவள் திரும்பி அந்தக் கல்லைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “அதுதான் உங்களுக்குத் தெரிஞ்சதோ?” என்று மெல்லக் கேட்டாள். அவர் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. கொக்குவில் சென்றி, கொழும்புக் கந்தோர், ஒஸ்லோக் கோப்பி, பொருந்தாத பதில், அதனால் போன இரண்டரை வருடம். பத்து வசனத்துக்குள் முடித்துவிட்டார். இரண்டு பேருக்குமே இரண்டு பேரும் அப்போதே தெரிந்திருந்தது என்பதையும் கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

மகளின் முகம் சிவந்தது.

“இதை இப்பவோ சொல்லுறது?” என்றாள். அவள் பார்த்தது என்னை இல்லை, அவரை. “நான் இஞ்சை மூண்டு மாதமா அந்தக் கொங் எண்ட நாயைப் பற்றித் தேடித் திரிஞ்சனான், அப்பா! ஆர் வீட்டு நாயையோ! நீங்கள் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம்தானே! நான் உங்களுக்கு விருப்பமில்லாத பிள்ளையாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான், தெரியுமோ? சின்னனிலை இருந்து! அதுதான் என்னை வந்து எடுக்கேல்லை எண்டு! என்ன மனுசரப்பா நீங்கள்!”

சத்தம் மரத்தடிக்குக் கேட்டது. ஆறு பேரும் எழுதுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. ஏசிக்கொண்டே அட்டையில் எழுதப் பார்த்தாள், மழையில் நனைந்த பேனை எழுதவில்லை, அதற்கும் சேர்த்து நோர்வேஜியத்தில் ஏசினாள். இவர் சட்டைப்பையில் இருந்த படிவப் பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார். வாங்கி இரண்டு பேரையும் எழுதினாள். எழுதிக்கொண்டே ஏசினாள்.

அவர் தலையைக் குனிந்து, ஒரு சொல்லும் விடாமல், முழு ஏச்சையும் வாங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் கண்டதில்லை.